கொல்லைப்புறம் சும்மா கிடக்கலாமா?

ராமநாதபுரம், விருதுநகர், தூத்துக்குடி மாவட்டங்களின் மானாவாரிக் கிராமங்களில் சந்தை நாளன்று கவனித்துப் பாருங்கள். மிளகாயும் பருத்தியும் விளைவிக்கும் குடும்பங்களே கத்தரிக்காய்க்கும் அவரைக்காய்க்கும் பையைத் தூக்கிக்கொண்டு நிற்கின்றன. வீட்டில் சாணம் இருக்கிறது, பின்னால் இரண்டு சென்ட் இடமும் இருக்கிறது. காய் மட்டும் வெளியூரிலிருந்து வருகிறது. மழை பொய்த்து, கையில் காசில்லாத ஆண்டில் முதலில் குறைவது தட்டில் விழும் காய்தான். அதனால் வீட்டுத் தோட்டத்தைப் பொழுதுபோக்காக நினைக்காதீர்கள். வறட்சிக்கு நாமே செய்துகொள்ளும் காப்பீடு அது.

"தண்ணீருக்கு எங்கே போவது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் அரிசி களைந்தது, பாத்திரம் கழுவியது, குளித்தது என்று ஒரு வீட்டிலிருந்து தினமும் தெருவுக்குப் போகும் தண்ணீர் நாலைந்து குடத்துக்குக் குறையாது. சோப்புத் தண்ணீரை வாழைக்குத் திருப்புங்கள். அரிசி, காய் கழுவிய தண்ணீரைக் கொடிகளுக்கு ஊற்றுங்கள். பழைய மண்பானையின் அடியில் சிறு துளையிட்டுத் திரி செருகி, செடியருகே கழுத்து வரை புதைத்து நிரப்பினால், வேர் இருக்கும் இடத்துக்கே ஈரம் போகும். கிணற்று நீர் உப்பாக இருந்தால் பீன்ஸ், வெங்காயம் வேண்டாம். கொத்தவரை, பீட்ரூட் ஓரளவு தாங்கும்.

தண்ணீரைவிடப் பலரைக் கைவிடுவது பருவக் கணக்கு. ஆடிப் பட்டம் தேடி விதைக்கச் சொன்ன அதே முன்னோர்தான் ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்றார்கள். நம் பக்கம் ஆடியில் வருவது பெரும்பாலும் காற்றுதான். ஆண்டு மழையில் பாதிக்கும் மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் கிடைக்கிறது. ஆகவே ஊற்ற முடிந்த அளவுக்கே ஆடியில் விதையுங்கள். மீதியைப் புரட்டாசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது ஆனி. ஒன்றரை அடி நீள, அகல, ஆழத்தில் நான்கு குழி வெட்டி வெயிலில் காயவிடுங்கள். பத்து நாள் கழித்து மக்கிய எருவும் மேல்மண்ணும் கலந்து நிரப்புங்கள். ஆடியில் அவரை, புடல், பீர்க்கன், பாகல் விதைகளைக் குழிக்கு நான்காக ஊன்றி, முளைத்தபின் நன்றாக இருக்கும் இரண்டை விடுங்கள். மேற்குப் பக்கம் பனையோலைத் தட்டி கட்டினால் காற்று நாற்றை முறிக்காது. குழியைச் சுற்றிக் காய்ந்த சருகைப் பரப்பினால் ஈரம் நிற்கும்.

ஆவணியில் கத்தரி, மிளகாய் நாற்றுவிட்டு, புரட்டாசிக் கடைசியில் நடலாம். ஐப்பசிக்கு முன் பாத்திகளை அரை அடி உயர்த்திவிடுங்கள். பத்து மாதம் காய்ந்து கிடக்கும் கொல்லையில் இரண்டு நாள் மழை தேங்கினாலே வேர் அழுகிவிடும். மார்கழி, தை மாதங்கள் தக்காளிக்கும் முள்ளங்கிக்கும் கொத்தமல்லிக்கும் நல்ல காலம். பங்குனிக்கு மேல் தக்காளிப் பூ வெயிலில் உதிரும்; அதோடு மல்லுக்கட்டாமல் முருங்கை நிழலில் கீரையும், ஓரத்தில் வெண்டை, கொத்தவரையும் போதும் என்று விடுங்கள்.

பூச்சி மருந்துக் கடைக்கும் ஓட வேண்டாம். வேப்பம்பழம் உதிரும் காலம் இது. பொறுக்கி, கழுவி, நிழலில் உலர்த்தி வையுங்கள். தேவைப்படும்போது 50 கிராம் பருப்பை இடித்து, ஒரு லிட்டர் நீரில் இரவு முழுவதும் ஊறவைத்து வடிகட்டி, சிறிது காதிசோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளியுங்கள்.

விரிவாக்கப் பணியாளர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒரே விதைப் பொட்டலம், ஒரே நாள் என்பது எல்லா ஊருக்கும் பொருந்தாது. கொடிக்காய் விதை ஆனிக்குள்ளும், நாற்றுவிடும் விதை ஆவணிக்குள்ளும் வீடு சேர வேண்டும். பருவம் தவறிக் கொடுத்த விதை, கொடுக்காத விதைக்குச் சமம். விளக்கக் கூட்டத்துக்கு வீட்டுப் பெண்களை அழையுங்கள். கொல்லைக்குத் தண்ணீர் ஊற்றுவது பெரும்பாலும் அவர்கள்தான்.

பெரிதாக ஒன்றும் வேண்டாம். இந்த வாரம் இரண்டு குழி வெட்டுங்கள். கார்த்திகையில் சந்தைக்குப் போகும்போது பையின் கனம் குறைந்திருக்கும்.