விளையாட்டுக்கும் முதுமாணியா?

டென்மார்க்கின் கோல்டிங் நகரில் 'விளையாட்டுக்கான வடிவமைப்பு' என்றே ஒரு முதுமாணிக் கற்கை உண்டு. சொன்னால் ஆசிரியர் ஓய்வறையில் சிரிப்பு: "விளையாடவும் பட்டமா சேர்?"

சிரிக்க என்ன இருக்கிறது? நாமும் முதுமாணி முடித்தவர்கள்தான். பிள்ளைமையக் கல்வி என்று பக்கம் பக்கமாக ஆய்வு எழுதினோம். ஒரு விளையாட்டையாவது நாமே உருவாக்கி, பிள்ளைகளிடம் கொடுத்து, பிழைத்த இடத்தைப் பார்த்துத் திருத்தினோமா? பதவியுயர்வுக்குக் கடதாசி கிடைத்தது, அவ்வளவுதான்.

கிளித்தட்டைப் பாருங்கள். மண்ணில் கீறிய நாலு கோடு. பொறுத்து நிற்கவும், இடைவெளி பார்த்துப் பாயவும் பழக்குகிறது. தரம் 5 புலமைப்பரிசில் வகுப்புக்காக அதையும் நிறுத்தியவர்கள் நாம்தான்.

அடுத்து முதுமாணிக்கு விண்ணப்பிக்கும் சேர்மாரே, டீச்சர்மாரே, விளையாட்டையே ஆய்வுத் தலைப்பாக எடுங்கள். பிள்ளைகள் நம்மிடம் தரப்பட்ட அமானிதம். அவர்களது விளையாட்டு நேரமும் அதில் சேர்த்திதான்.