இலைக்கு அந்தப் பக்கம்

நம் இதழ்களில் வெளிவரும் வெளிநாட்டுப் பயணக் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு ஒரு பத்தி மனப்பாடமாகவே ஆகியிருக்கும். கட்டுரையாளர் சிங்கப்பூருக்கோ லண்டனுக்கோ பாரிசுக்கோ செல்கிறார். மூன்றாம் நாள் நாக்கு செத்துப்போகிறது. நண்பர் ஒருவர் 'நம்மூர்க் கடை'க்கு அழைத்துப் போகிறார். அங்கே சாம்பார் இனிக்கிறது, சட்னி புளிக்கிறது. கட்டுரையாளர் விலையை ரூபாயில் பெருக்கிப் பார்த்துத் திடுக்கிடுகிறார். இந்தக் காசுக்கு மதுரையில் எத்தனை தோசை தின்றிருக்கலாம் என்று கணக்குப் போடுகிறார். அடுத்த பத்தியில் அருங்காட்சியகம் வந்துவிடுகிறது.

இந்தப் பத்திக்கு இன்னொரு வடிவமும் உண்டு. சாம்பார் சரியாக அமைந்துவிட்டால் 'அம்மாவின் கைமணம்' என்று கண் கலங்குவது. ஏளனமும் உருக்கமும் வேறுவேறு போலத் தோன்றினாலும் இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே. இரண்டிலும் எழுதுபவரின் நாக்கு இருக்கிறது, சமைத்தவர் இல்லை. நம் பயண எழுத்தின் பெருங்குறை இது என்றே நாம் கருதுகிறோம்.

முதலில் 'அசல்' என்னும் அளவுகோலைப் பார்ப்போம். வெளிநாட்டுக் கடையின் சாம்பாரை எடைபோட மதுரைச் சாம்பாரைப் படிக்கல்லாக வைக்கிறார்கள். அந்தப் படிக்கல்லே எங்கிருந்தெல்லாமோ வந்த பொருள்களால் ஆனது. 16ஆம் நூற்றாண்டுக்கு முன் இம்மண்ணில் மிளகாய் இல்லை. அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துக்கீசியர் வழி வந்தது. தக்காளியும் உருளைக்கிழங்கும் அப்படியே. மதுரையின் அடையாளமாக ஊரெங்கும் விற்கும் ஜிகர்தண்டாவின் பெயரில் ஒரு தமிழ் எழுத்துகூடச் சொந்தமில்லை. இரவெல்லாம் நம் தெருக்களில் தாளம்போட்டு ஒலிக்கும் பரோட்டாக் கல்லின் மைதா எந்தச் சங்கப் பாடலில் வருகிறது? வந்ததையெல்லாம் நமதாக்கிக்கொண்ட ஓர் ஊர், தன்னிடமிருந்து போனது மாறிவிட்டது என்று குறைப்படுவதில் நியாயம் எதுவும் இல்லை.

போனது மாறியது உண்மை. எப்படி மாறியது என்பதில்தான் வரலாறு இருக்கிறது. கடையநல்லூர், தென்காசி, இராமநாதபுரம் பகுதிகளிலிருந்து மலாயாவுக்குக் கப்பலேறிய தமிழ் முஸ்லிம்கள், தோளில் காவடிபோலத் தடி வைத்து, ஒருபுறம் சோறும் மறுபுறம் குழம்புமாகப் பினாங்குத் துறைமுகத்துக் கூலிகளுக்கு விற்றார்கள். அந்தத் தடியின் மலாய்ப் பெயரால்தான் அச்சோறு இன்றும் 'நாசி கண்டார்' எனப்படுகிறது. பினாங்கின் ஹமீதியா உணவகம் 1907இல் தொடங்கியது. சிங்கப்பூரின் ஆனந்த பவன் 1924இலும், கோமள விலாஸ் 1947இலும் வந்தன. மலாய் மொழி நம் 'கடை'யை 'கெடாய்' என்று எடுத்துக்கொண்டது. உணவுக்கடைக்காரரை 'மாமா' என்றழைத்ததில் பிறந்தது 'மாமாக்' என்னும் சொல். நம் பரோட்டாவின் உடன்பிறப்பான ரொட்டி சானாய் இன்று மலேசியர் எல்லாருக்கும் காலை உணவு. 2024இல் மலேசியக் காலையுணவுப் பண்பாட்டை யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தபோது அதுவும் அதில் இடம்பெற்றது. இவ்வளவையும் தாண்டி வந்த ஒரு தட்டைப் பார்த்து, 'நம்மூர் ருசி இல்லை' என்று முடித்துக்கொள்வதை ரசனை என்று எப்படிச் சொல்வது?

அடுத்து, 'இந்திய உணவகம்' என்னும் பெயர்ப்பலகை. பலகையைப் படித்துவிட்டாலே உள்ளே இருப்பவரைத் தெரிந்துகொண்டதாக நம் கட்டுரையாளர்கள் நினைக்கிறார்கள். லண்டன் ரீஜண்ட் தெருவில் வீராசாமி என்ற தமிழ்ப் பெயருடன் 1926இல் உணவகம் திறந்தவர் எட்வர்ட் பால்மர். பிரிட்டனின் 'இந்திய' உணவகங்களில் மிகப் பலவற்றை நடத்தி வந்தவர்கள் இன்றைய வங்கதேசத்தின் சில்ஹெட் பகுதியிலிருந்து குடியேறியவர்கள். பாரிசின் லா ஷப்பல் பகுதியிலோ, 1983க்குப் பின் உயிர் தப்பி வந்த ஈழத்தமிழர்கள் உணவுக்கடைகளை நடத்துகிறார்கள். பிரெஞ்சுக்காரருக்குத் தெரிந்த பெயர் 'இந்தியா' என்பதால் பலகையில் அது ஏறுகிறது. அங்கே நானும் வெண்ணெய்க் கோழியும் பரிமாறுபவரின் சொந்த உணவு சம்பலும் புட்டும். அவரிடம் போய் 'நம்மூர் ருசி வரவில்லையே' என்றால், எந்த ஊர் என்று அவர் திருப்பிக் கேட்க மாட்டாரா?

ஈழத்துப் புலம்பெயர் இலக்கியத்தில் 'கோப்பை கழுவுதல்' என்று ஒரு தொடர் வழங்குகிறது. ஐரோப்பிய உணவகங்களின் பின்கட்டில் எச்சில் தட்டுக் கழுவிய ஒரு தலைமுறை தன் வாழ்வை அந்த இரண்டு சொற்களில் சொல்லிவைத்தது. அவர்கள் உணவகத்தை அடுப்பங்கரையிலிருந்து எழுதினார்கள். நாம் மேசையிலிருந்து மட்டும் எழுதிக்கொண்டிருக்கிறோம். ஒரே மொழியின் இந்த இரண்டு எழுத்துகளும் ஒன்றையொன்று சந்திக்கவே இல்லை என்பது நம்மை உறுத்த வேண்டும்.

'குடும்பமே நடத்தும் கடை' என்று நெகிழ்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கருத்தரங்கு ஒன்றுக்காகச் சிங்கப்பூர் சென்றபோது, சிராங்கூன் சாலையை ஒட்டிய சந்தில் அத்தகைய சிறு கடை ஒன்றில் நாம் சாப்பிட நேர்ந்தது. கல்லாவில் தகப்பனார், உள்ளே அம்மா, கல்லூரிப் பை தோளிலிருந்து இறங்கிய கையோடு இலை போட வந்த மகள். எத்தனை மணிக்குக் கடை திறப்பீர்கள் என்று கேட்டோம். 'ஆறு மணிக்குங்க. அம்மா நாலுக்கே எழுந்திடுவாங்க' என்றாள் அந்தப் பெண். அம்மாவுக்குச் சம்பளம் உண்டா என்று கேட்டபோது சிரித்துவிட்டு, மோர் ஊற்றப் போய்விட்டாள். குடும்பக் கடையின் கணக்கில் ஏறாத செலவு அந்தச் சிரிப்புக்குப் பின்னால் இருக்கிறது. கூலியாளுக்கு வேலைநேரம் என்று ஒன்றைச் சட்டமாவது சொல்லும். மனைவிக்கும் மகளுக்கும் யார் சொல்வது? 'வீட்டுச் சாப்பாடு போலவே இருந்தது' என்று பாராட்டும்போது, வீட்டில் சம்பளமில்லாமல் நடப்பது கடையிலும் அப்படியே நடப்பதையும் சேர்த்துத்தான் பாராட்டுகிறோம்.

இவ்வகையில் எழுத நமக்கு முன்னோடிகள் இல்லாமலில்லை. ப. சிங்காரம் 1920இல் சிங்கம்புணரியில் பிறந்தார். இளமையில் பிழைப்புத் தேடி மேடானுக்குப் போனார். போர் முடிந்தபின் திரும்பி, மதுரையில் தினத்தந்தியில் வேலை பார்த்து, ஒய்.எம்.சி.ஏ. விடுதியில் நெடுங்காலம் தனியே வாழ்ந்து 1997இல் மறைந்தார். 'கடலுக்கு அப்பால்', 'புயலிலே ஒரு தோணி' ஆகிய அவருடைய இரு நாவல்களிலும் கடல் கடந்த தமிழன் காட்சிப்பொருளாக நிற்கவில்லை. வட்டிக்கடை அடுத்தாள்கள், பெட்டியடிப் பையன்கள், அவர்களுடைய பேச்சு, கணக்கு, ஊர் ஏக்கம் எல்லாம் உள்ளிருந்து எழுதப்பட்டிருக்கின்றன. அவர் அங்கே வேலைக்குப் போனவர். சுற்றிப் பார்க்கப் போகவில்லை. நம் ஊர்த் தெருக்களில் ஐம்பதாண்டு நடந்த ஒருவரின் எழுத்து கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, விலைப்பட்டியலை ரூபாயில் பெருக்கி எழுதுவதைப் பயண இலக்கியம் என்கிறோம்.

காசு கொடுத்துச் சாப்பிடுபவனுக்குக் குறை சொல்ல உரிமையில்லையா என்று கேட்கப்படலாம். தாராளமாக உண்டு. உப்புக் கூடினால் கல்லாவில் இருப்பவரிடமே சொல்லிவிட்டு வரலாம். நாம் கேட்பது, அந்தக் குறையை இலக்கியம் என்று அச்சேற்றுவது ஏன் என்பதுதான். வாசகருக்கு அக்கட்டுரையால் தெரியவருவது எழுதியவரின் வயிற்று நிலவரம் மட்டுமே.

ஆகவே பயணக் கட்டுரையாளர்களிடம் நம் வேண்டுகோள் எளியது. அடுத்தமுறை அத்தகைய கடையில் இலையின் முன் அமரும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: இந்தக் கடையை முதலில் போட்டவர் எந்த ஊரிலிருந்து வந்தார்? உள்ளே சமைப்பவர் யார்? இவர்களுக்குப் பின் இதை யார் நடத்துவார்கள்? மூன்றாம் கேள்விக்குப் பெரும்பாலும் 'யாரும் இல்லை' என்பதே விடையாக வரக்கூடும். பிள்ளைகள் படித்து வேறு வேலைக்குப் போய்விடுவார்கள், போகத்தான் வேண்டும். கடை மூடியபின் அதன் கதையைச் சொல்ல ஆளிருக்காது. அதற்குள் எழுதிவிடுங்கள். சாம்பார் எப்படி இருந்தது என்பதை அதற்குப் பிறகு ஒரு வரியில் சொன்னால் போதும்.