முதலில் யாரிடம் கேட்டீர்கள்?



சென்னையை விட்டுவிட்டுத் தென்மாவட்டத்திற்கே திரும்பிப் போய்விடலாமா என்ற கேள்வியோடு என்னிடம் வருகிறவர்கள் அண்மைக் காலமாகப் பெருகி வருகிறார்கள். சென்ற மாதம் ஒரு மாலை வேளையில் அப்படி ஒரு தம்பதியர் குருமனைக்கு வந்திருந்தார்கள். அவர்களுடைய அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். ஆள் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். கணவர் மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறவர். மனைவி தனியார் மருத்துவமனையில் செவிலியர். மகள் ஒன்பதாம் வகுப்பு. கணவரின் தகப்பனார் பாளையங்கோட்டையில் தனியாக இருக்கிறார்; தாயார் கர்த்தருக்குள் நித்திரையடைந்து இரண்டு வருடங்கள் ஆகின்றன.

கணவர் ஆயத்தமாக வந்திருந்தார். வீட்டு வாடகை, பள்ளிக் கட்டணம், நாள்தோறும் சாலையிலேயே கழிகிற மூன்று மணி நேரம், இங்கே இருமிக்கொண்டிருக்கும் பிள்ளை, அங்கே தனிமையில் இருக்கும் தகப்பன் என எல்லாவற்றையும் ஒழுங்காக எடுத்துச் சொன்னார். முடிவில், "கர்த்தர் பேசிட்டார் ஐயா. நீங்க ஜெபம் பண்ணி அனுப்பி வச்சாப் போதும்" என்றார்.

நான் அந்த அம்மாவிடம் திரும்பி, "நீங்க என்னம்மா நினைக்கிறீங்க?" என்று கேட்டேன். அவர் கணவரைப் பார்த்தார். பிறகு கையிலிருந்த காபி டம்ளரைப் பார்த்தார். "அவங்க முடிவு பண்ணிட்டாங்க ஐயா" என்றார்.

அன்று நான் அவர்களுக்காக ஜெபித்தேன். ஆனால் அனுப்பிவைக்கும் ஜெபத்தைச் செய்யவில்லை. அதற்கான காரணத்தைத்தான் இந்த வாரம் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

பெருநகரம் நல்லதா, சிற்றூர் நல்லதா என்ற பட்டிமன்றத்தில் எனக்கு ஆர்வமில்லை. இரண்டிலும் குடியிருந்திருக்கிறேன். சென்னை வெள்ளத்திற்கு அஞ்சி ஊர் மாறவேண்டும் என்று ஒரு சகோதரர் என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தார். 2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் இங்கே வேளச்சேரியையும் முடிச்சூரையும் மூழ்கடித்தது. இரண்டு வாரம் முடிவதற்குள் தாமிரபரணி கரைபுரண்டது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் நூற்றுக்கணக்கான பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். மறுபுறம், 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததையும் நான் மறக்கவில்லை. எந்த ஊரிலும் ஏதோ ஒன்று குறைவுபடும். ஆகவே ஊரைப் பற்றிய கேள்வியை நீங்களே விசாரித்துத் தீர்த்துக்கொள்ளலாம். அதற்குப் போதகர் தேவையில்லை.

என் கேள்வி வேறு. இந்த மாற்றத்தினால் அதிகமாக இழக்கப்போகிறவர் உங்கள் வீட்டில் யார்? அவரிடம் முதலில் கேட்டீர்களா, கடைசியில் அறிவித்தீர்களா?

ஆதியாகமம் 12ஆம் அதிகாரத்தை நாம் எத்தனையோ பிரசங்கங்களில் கேட்டிருக்கிறோம். ஆபிராமுக்கு அப்போது 75 வயது. அவருடைய கீழ்ப்படிதலைச் சொல்லிச் சொல்லி நாம் மகிழ்கிறோம், அது சரியானதே. ஆனால் சாராயி அவரைவிடப் பத்து வயது இளையவர். அறுபத்தைந்து வயதில், தெரிந்த கிணறு, தெரிந்த மனிதர், தெரிந்த பாஷை எல்லாவற்றையும் விட்டுவிட்டு அந்த அம்மாவும் புறப்பட்டார். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கப்பட்டதாக அந்த அதிகாரத்தில் இல்லை. அதே அதிகாரம் முடிவதற்குள் பஞ்சம் வருகிறது, எகிப்துக்குப் போகிறார்கள், பார்வோனின் அரண்மனைக்குள் கொண்டுபோகப்படுகிறவர் சாராயிதான். அழைப்பு ஆபிராமுக்கு வந்தது. வழியில் அதற்கான விலையைக் கொடுத்தவர் அவர் மனைவி. அடுத்த அதிகாரத்தில், லோத்துவோடு பிரியவேண்டி வந்தபோது, மூத்தவராகிய ஆபிராம் இடத்தைத் தெரிந்துகொள்ளும் உரிமையை இளையவனுக்கு விட்டுக்கொடுக்கிறார். எகிப்தில் பட்டதிலிருந்து அவர் எதையோ கற்றுக்கொண்டார் என்றே நான் வாசிக்கிறேன். (இது என் சொந்த வாசிப்பு. வியாக்கியான நூல்களில் தேடிக் களைத்துப்போக வேண்டாம்.)

"கர்த்தர் பேசினார்" என்ற வார்த்தையை நான் லேசாக எடுத்துக்கொள்கிறவன் அல்ல. ஆனால் முப்பது வருட அனுபவத்தில் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். வீட்டில் ஒருவர் அந்த வார்த்தையைச் சொன்ன மாத்திரத்தில் மற்றவர்கள் வாயடைத்துப் போகிறார்கள். அதற்குமேல் செவிலியர் சம்பளத்தைப் பற்றிப் பேசினால் அவிசுவாசமாகிவிடுமே என்று பயப்படுகிறார்கள். களைப்பினால் ஊர் மாறுவது பாவமல்ல. கணக்குப் பார்த்து ஊர் மாறுவதும் பாவமல்ல. கோபுரம் கட்டுகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்கவேண்டும் என்று ஆண்டவரே போதித்தார். களைப்பைக் களைப்பென்றும் கணக்கைக் கணக்கென்றும் சொல்லுங்கள். அப்போதுதான் எதிரே இருப்பவர் தன் கணக்கையும் எடுத்து வைக்க முடியும்.

இதைச் சொல்லும் யோக்கியதை எனக்கு எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். போதகர்கள் ஊரைத் தெரிந்துகொள்வதில்லை. மாற்றல் உத்தரவு வரும், போவோம். நானும் ஏழு இடங்களுக்கு அப்படிப் போனேன். என் மனைவி ஆசிரியை. ஒவ்வொரு மாற்றலிலும் வேலையை விட்டுவிட்டு, புதிய ஊரில் காலியிடம் தேடி, சில இடங்களில் கிடைத்து, சில இடங்களில் கிடைக்காமல் வீட்டிலிருந்தார். ஒருமுறை நிரந்தரப் பணியிடம் கைக்கு எட்டியிருந்த வருடத்தில் உத்தரவு வந்தது. ஒரு வருடம் தள்ளிவைக்கும்படி விண்ணப்பம் செய்திருக்கலாம். வேறு சிலர் செய்திருக்கிறார்கள். நான் செய்யவில்லை. செய்யட்டுமா என்று அவரிடம் கேட்கவுமில்லை. பிரிவுபசார ஆராதனையில் "அழைத்தவர் உண்மையுள்ளவர்" என்ற கருத்தில் பேசினேன் என்று நினைவு.

இந்த வருடம் ஒரு படிவத்தை நிரப்புவதற்காக, "நீ மொத்தம் எத்தனை வருஷம் வேலை பார்த்திருப்ப?" என்று அவரிடம் கேட்டேன். அவர் அடுப்பிலிருந்து திரும்பாமலே, "மொத்தமாக் கூட்டினா பதினொண்ணு. சேர்ந்தாப்ல நாலுகூட இல்ல" என்றார். அந்தக் கணக்கு அவர் மனத்தில் எப்போதும் ஆயத்தமாக இருந்திருக்கிறது. நான்தான் கேட்டதில்லை.

அந்தத் தம்பதியரிடம் திரும்பி வருகிறேன். மறுவாரம் அந்த அம்மாவை மட்டும் என் மனைவி சந்தித்துப் பேசினார். அவர் ஏற்கெனவே பாளையங்கோட்டையில் உள்ள இரண்டு மருத்துவமனைகளில் விசாரித்திருக்கிறார். இப்போது வாங்குவதில் பாதிதான் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். இதைக் கணவரிடம் சொல்லவில்லை. அதைவிட அவரை வருத்தியது வேறு. மாமனாரைக் குளிப்பாட்டுவது, மருந்து கொடுப்பது, ஐகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போவது எல்லாம், செவிலியர் என்பதால், பேச்சே இல்லாமல் தன் தலையில் வந்து விழும் என்பதை அறிந்திருந்தார். செய்ய மனமில்லாமல் இல்லை. "கேட்டாங்கன்னா சரின்னுதான் சொல்லியிருப்பேன். கேக்கவே இல்லையே" என்றாராம்.

மகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. அடுத்த வருடம் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு. பிள்ளைகள் எங்கும் பழகிக்கொள்வார்கள் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் நம் ஊர்களில் புதிதாக வருகிற ஒருவரிடம் முதலில் கேட்கப்படுவது பெயர் அல்ல. எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை, தாத்தா பெயர் என்ன என்று கேட்பார்கள். மூன்று கேள்விகளில் ஜாதியைக் கண்டுபிடித்துவிடுவார்கள். நம் ஆலயங்களின் வாசலிலும் இது நடக்கிறது, வெட்கத்தோடு எழுதுகிறேன். நம் சபையாரில் சிலருடைய பெற்றோர் ஊரை விட்டுச் சென்னைக்கு வந்ததே அந்த மூன்று கேள்விகளிலிருந்து தப்பித்துக்கொள்ளத்தான். அவர்களுக்கு இந்த நகரத்தின் கண்டுகொள்ளாமை ஒரு விடுதலை. ஊரின் நெருக்கத்தை நாம் புகழும்போது, அந்த நெருக்கம் யாருக்கு இதமானது, யாருக்கு இறுக்கமானது என்றும் யோசிக்கவேண்டும்.

இதனால் போகாதீர்கள் என்கிறேனோ என்று எண்ணவேண்டாம். ராபர்ட் கால்டுவெல் 1838இல் சென்னைக்கு வந்து, 1841இல் அதை விட்டு இடையன்குடிக்குப் போனார். தேரிக்காட்டு மணலில் இருந்த அந்தச் சிற்றூரில் ஊழியம் செய்துவந்த அவர்தான் 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டார். சிறிய ஊர் அவருடைய ஊழியத்தைச் சிறிதாக்கிவிடவில்லை. இதை எல்லாரும் சொல்வார்கள். நான் கவனிப்பது எலைசா அம்மையாரை. நாகர்கோவில் மிஷனெரி சார்லஸ் மால்ட்டின் மகளாகிய அவர், 1844இல் மணமாகி இடையன்குடிக்கு வந்தபோது, பெண்பிள்ளைகளுக்குப் படிப்பும் லேஸ் பின்னலும் கற்றுக்கொடுக்கும் வேலை அவருக்கென்று அங்கே உருவாயிற்று. கணவரின் ஊருக்கு உடன்போன துணையாக மட்டும் அவர் அங்கே வாழவில்லை. ஊர் மாறும் ஒவ்வொரு குடும்பத்திலும் நான் இதைத் தேடுகிறேன்: அந்த ஊரில் மனைவிக்கு என்ன இருக்கிறது?

பெற்றோரைப் பொறுத்தவரை, நாம் பர்சிலாவின் சரித்திரத்தைப் போதுமான அளவு வாசிப்பதில்லை. அப்சலோமுக்குத் தப்பி ஓடிய தாவீதை மக்னாயீமில் பராமரித்தவர் அவர். ராஜா திரும்பும்போது, என்னோடு எருசலேமுக்கு வாரும், உம்மை நான் போஷிப்பேன் என்று அழைத்தார். அவருக்கு 80 வயது. சாப்பாட்டின் ருசியும் பாட்டின் சத்தமும் இனி எனக்கு எதற்கு, என் ஊரில் தாய் தகப்பன் கல்லறையின் அருகே மரிக்கிறேன் என்று மறுத்து, கிம்காமை ராஜாவோடு அனுப்பிவைத்தார். ராஜா கட்டாயப்படுத்தவில்லை, முத்தமிட்டு ஆசீர்வதித்து அனுப்பினார். அந்தத் தகப்பனாரிடமும் நான் தொலைபேசியில் பேசினேன். மகன் வருவது சந்தோஷம்தான் என்றார். பிறகு, "என்னைய சாக்கு வச்சு அவன் வேலையக் கெடுத்துக்கிடக் கூடாது, ஐயரவாள்" என்றார். அவரிடமும் யாரும் கேட்டிருக்கவில்லை.

நடைமுறையாகச் சிலவற்றைச் சொல்கிறேன். அசனப் பண்டிகைக்கோ கிறிஸ்துமஸுக்கோ போய்விட்டு வந்த கையோடு முடிவெடுக்காதீர்கள். அப்போது ஊர் குளிர்ந்திருக்கும், சொந்தங்கள் எல்லாம் கூடியிருக்கும், நீங்கள் விருந்தாளி. மே மாதத்தில் இரண்டு வாரம் அங்கே தங்கி, மின்கட்டணம் கட்டி, ரேஷன் கடையில் நின்று பாருங்கள். முதல் வருடம் வாடகைக்கு இருங்கள். இங்குள்ள வீட்டை அவசரப்பட்டு விற்கவேண்டாம். 2020இல் வீட்டிலிருந்து வேலை பார்க்க அனுமதித்த நிறுவனங்களில் பல, பிற்பாடு ஆட்களை அலுவலகத்திற்குத் திரும்ப அழைத்துக்கொண்டன. ஆகவே மேலாளரின் வாய்ச்சொல்லை நம்பாமல் எழுத்தில் வாங்குங்கள். தென்காசி அருகே மத்தளம்பாறையில் ஸோஹோ நிறுவனம் இயங்குவதை எல்லாரும் எனக்கு எடுத்துக்காட்டுகிறார்கள். நல்லதுதான், ஆனால் நீங்கள் வேலை செய்வது அந்த நிறுவனத்தில் அல்லவே. வந்தே பாரத் ரயில் எட்டு மணி நேரத்திற்குள் திருநெல்வேலியில் சேர்த்துவிடுகிறது. போக்குவரத்து இலகுவாகிவிட்ட இந்நாளில், அவசரமாக ஒரே நாளில் எல்லாவற்றையும் பெயர்த்துக்கொண்டு போகவேண்டிய கட்டாயம் இல்லை.

நெகேமியாவின் நாட்களில் எருசலேமின் அலங்கம் கட்டி முடிந்தும் நகரத்திற்குள் ஜனங்கள் கொஞ்சமாகவே இருந்தார்கள். பத்துப்பேரில் ஒருவர் நகரத்திலும், ஒன்பதுபேர் தங்கள் தங்கள் பட்டணங்களிலும் குடியிருக்கச் சீட்டுப் போட்டார்கள். மனப்பூர்வமாய் நகரத்திற்குப் போகச் சம்மதித்தவர்களை ஜனங்கள் வாழ்த்தினார்கள். மனப்பூர்வமாய் என்ற அந்தச் சொல்லில்தான் என் மனம் நிற்கிறது. இடம் எதுவாயிருந்தாலும், அங்கே போகிறவர் சம்மதித்துப் போனாரா என்பதை வேதம் கவனித்து எழுதி வைத்திருக்கிறது.

அந்தக் குடும்பம் இன்னும் முடிவெடுக்கவில்லை. மகளின் பத்தாம் வகுப்புத் தேர்வு முடியட்டும் என்றும், அதுவரை கணவர் மாதத்தில் ஒரு வாரம் தகப்பனாரோடு தங்கி, குளிப்பாட்டுவது முதல் எல்லாவற்றையும் தானே செய்து பார்ப்பதென்றும் பேசியிருக்கிறார்கள். முதல் வாரம் முடிந்து நெல்லை எக்ஸ்பிரஸில் வந்திறங்கிய அன்று எனக்குத் தொலைபேசியில் அழைத்தார். "கஷ்டமான வேலைதான் ஐயா" என்று மட்டும் சொன்னார்.

எனக்கும் ஓய்வுபெறும் நாள் நெருங்குகிறது. குருமனையைக் காலிசெய்து எங்காவது குடியேறவேண்டும். முதன்முறையாக உத்தரவு இல்லாத மாற்றம். எந்த ஊர் என்று என் மனைவியிடம் கேட்டிருக்கிறேன். யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். மூன்று மாதமாக யோசித்துக்கொண்டிருக்கிறார்.

சபை மாறுதல் கடிதம் வேண்டுவோர் இனிமேல் குடும்பமாக வாருங்கள். வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குமேல் குருமனையில் இருப்பேன். என் மனைவியும் இருப்பார்.