முதலில் மூக்கு, பிறகு லேபிள்

ஒயின் ருசிப்பவர்கள் ‘ரோஜா மணக்கிறது, லிச்சிப்பழம் தெரிகிறது’ என்றெல்லாம் சொல்லும்போது மற்றவர்களுக்குச் சிரிப்பு வருவது இயல்பு. புளித்த திராட்சைச் சாற்றுக்குள் ரோஜா எப்படி வரும்? ஆனால் பிரான்சின் அல்சாஸ் பகுதிக்குப் பேர்பெற்ற கெவுர்ட்ஸ்ட்ராமினர் என்ற வெள்ளை ஒயினைப் பொறுத்தவரை இது வெறும் அலங்காரப் பேச்சு அல்ல. இந்த ஒயினையும் லிச்சிப்பழத்தையும் ஒப்பிட்டு ஓங், ஏக்ரி என்ற இரு ஆய்வாளர்கள் 1999இல் வெளியிட்ட கட்டுரை, இரண்டுக்கும் பொதுவான மணப்பொருள்கள் பல இருப்பதைக் காட்டியது. அவற்றில் முக்கியமானது ரோஸ் ஆக்சைடு. ரோஜா எண்ணெயிலும் இருப்பது அதுவே. ஆக, ரோஜா, லிச்சி என்று சொல்பவர் கற்பனை செய்யவில்லை, கோப்பையில் உள்ளதைத்தான் சொல்கிறார்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. பிரான்சின் போர்தோவில் ஒயின் படித்த 54 மாணவர்களிடம், மணமற்ற சிவப்புச் சாயம் கலந்த வெள்ளை ஒயினைக் கொடுத்தார்கள். அவர்கள் அதைச் சிவப்பு ஒயினுக்குரிய சொற்களால் வர்ணித்தார்கள். 2001இல் வெளியான இந்த ஆய்வைக் காட்டி, ருசி நிபுணத்துவமே பொய் என்பவர்கள் பலர். அந்த முடிவு அவசரமானது. மூக்கைக் கண் ஏமாற்றும் என்பதைத்தான் அந்தச் சோதனை நிறுவியது. கோப்பையில் மணமே இல்லை என்பதை அல்ல. அதிலிருந்து நாம் கற்க வேண்டியது வேறு: நிறத்தைப் போலவே பெயரும் விலையும் ஏமாற்றலாம் என்பதால், அவை தெரிவதற்கு முன்பே முகர்ந்து பார்த்துவிட வேண்டும். வீட்டில் ஒருவர் பாட்டிலைத் துணியால் சுற்றி ஊற்றிக் கொடுத்தாலே போதும்.

மணத்தை உணர லேபிளைவிடப் பெரிய தடை, ஃபிரிட்ஜ். வெள்ளை ஒயின் என்றாலே சில்லென்று இருக்க வேண்டும் என்ற பழக்கம், காசு கொடுத்து வாங்கிய மணத்தையே அடக்கிவிடுகிறது. குளிர் கூடக்கூட மணப்பொருள்கள் ஆவியாவது குறையும். ‘அப்படியானால் குளிரவைக்காமலே குடிக்கலாமே’ என்றால், அதுவும் சரிவராது. கெவுர்ட்ஸ்ட்ராமினரில் புளிப்பு குறைவு, ஆல்கஹால் பெரும்பாலும் 13 சதவீதத்துக்கு மேல். சூடேறினால் ஆல்கஹாலின் காரம் முந்திக்கொள்ளும். 10 முதல் 12 டிகிரி செல்சியஸ் வரை நல்ல நடுநிலை. வாய் குறுகிய கோப்பையில் மூன்றில் ஒரு பங்கு ஊற்றிச் சுழற்றி முகர வேண்டும். பிறகு மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு மிடறு குடித்தால், நாக்குக்கு எட்டுவது இனிப்பும் புளிப்பும் லேசான கசப்பும்தான். மூக்கை விட்டதும் ரோஜாவும் லிச்சியும் திரும்பிவரும். இனிப்பு என்று நினைத்ததில் எவ்வளவு சர்க்கரை, எவ்வளவு வாசனை என்பது அப்போது பிரிந்து தெரியும். ரசனைக்கு நிபுணர் பட்டம் தேவையில்லை. சரியான குளிர்ச்சியும், லேபிளைக் கடைசியில் படிக்கும் பொறுமையும் இருந்தால் போதும்.