அட்டையும் கட்டளையும்

ஆரணியில் தறியோசை கேட்டு வளர்ந்த மாணவி ஒருவரிடம், நிரல் எழுதப் பழகலாமே என்று சென்ற பருவத்தில் கூறினேன். "அது கணினித் துறையாருக்கு உரியது ஐயா, நான் தமிழ் படிப்பவள்" என்றார். வீட்டில் ஜக்கார்டு தறி உண்டா என வினவினேன். உண்டு என்றார். தந்தையார் நாள்தோறும் கையாள்வது இன்னதென மகளுக்குத் தெரியவில்லை என்பது விளங்கிற்று.

தறியின்மேல் தொங்கும் அட்டைகளை நோக்குக. துளையுள்ள இடத்தில் ஊசி உட்புகும்; அதற்குரிய கொக்கி எழும்பிப் பாவு இழையைத் தூக்கும். துளையில்லாத இடத்தில் ஊசி தள்ளப்படும். இழை கீழேயே நிற்கும். உண்டு, இல்லை என்னும் இரண்டே சொற்களால் அன்னமும் மயிலும் முந்தானையில் தோன்றுகின்றன. 1804-ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டு லியோன் நகரத்து ஜோசப் மரி ஜக்கார்டு அமைத்த இம்முறையைக் கண்டே, சார்லஸ் பாபேஜ் தம் பகுப்பாய்வுப் பொறிக்கும் அட்டை வழியே கட்டளையிடத் திட்டமிட்டார். ஏறத்தாழ 24,000 அட்டைகளைக் கொண்டு பட்டில் நெய்யப்பட்ட ஜக்கார்டின் உருவப்படம் ஒன்று பாபேஜிடம் இருந்தது. 1843-இல் அப்பொறிக்குக் குறிப்புரை வரைந்த ஏடா லவ்லேசும் ஜக்கார்டின் தறியையே உவமையாக்கினார்.

கணக்கைத் தீர்க்கும் படிமுறையை 'அல்காரிதம்' என்கிறோம். ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த அல்-குவாரிஸ்மீயின் பெயர் இலத்தீனில் திரிந்ததால் பிறந்த சொல் அது. நம் மேடைகளில் இச்செய்தி தவறாது கைதட்டல் பெறும். முன்னோர் பெயரைச் சொல்லி மகிழ்ந்துவிட்டுப் பிள்ளைகளைப் பிறர் எழுதிய செயலியைத் தொட்டுத் தள்ள மட்டும் பழக்குவது என்ன பெருமை? சமுதாயப் பெரியோர் பொறுத்தருள்க.

தமிழ் மாணவர்க்கு நிரல் அயலானதன்று. 'மரம்' முன் 'கிளை' வரின் மகரம் கெட்டு வல்லெழுத்து மிகும், மரக்கிளை ஆகும். இன்னது வந்தால் இன்னது செய்க என்பதே புணர்ச்சி விதி. நிரலின் நடையும் அதுவே. ஆனால், இவ்விதி ஒன்றை மட்டும் பெற்ற கணினி 'கண்டோம் கனவு' என்பதனைக் 'கண்டோக்கனவு' என்று எழுதிவிடும்! முன்னது பெயர், பின்னது வினைமுற்று எனக் கணினிக்கு அறிவிக்க வேண்டியவர் யார்? இலக்கணம் கற்றவரே. நீச்சல்காரன் உருவாக்கிய 'நாவி' என்னும் சந்திப்பிழை திருத்தியைப் பயன்படுத்துவோர் நம்மிடையே உளர். அத்தகைய ஒன்றை ஆக்க முனைவோர் எத்தனை பேர்? ஆங்கிலத்துக்கு அஞ்சுவோர், முத்து அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' நிரல்மொழியில் தொடங்கலாம். அதில் திரையில் காட்டு என்பதற்குரிய கட்டளையே 'பதிப்பி' என்பதுதான். பின்னர்ப் பைத்தானுக்குச் செல்வது எளிது.

கருவியின் உள்ளியல்பு அறியாதார் அதன் காவலையும் அறியார். தேர்வுக் கட்டணம் செலுத்தவும் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கவும் கணினி மையத்துக்குச் செல்லும் நம் மாணவர், மின்னஞ்சலையும் கடவுச்சொல்லையும் கடைக்காரரையே உருவாக்கித் தரச் சொல்கின்றனர். அவை அவருடைய நோட்டுப்புத்தகத்தில் ஏறுகின்றன. பூட்டை வாங்கிச் சாவியைக் கடையிலேயே விட்டு வருவார் உண்டோ? தாமே வைத்துக்கொள்வோரோ பிறந்தநாளை வைக்கின்றனர், அல்லது 123456. எழுத்துகள் பயின்றுவரும் அளவை எண்ணியே மறைமொழியை உடைக்கலாம் என்று அதே ஒன்பதாம் நூற்றாண்டில் அல்-கிந்தீ எழுதிவைத்தார். அன்று மறைவைக் காட்டிக்கொடுத்தது மொழியின் பழக்கம். இன்று காட்டிக்கொடுப்பது நம் பழக்கம்.

இளங்கலைத் தமிழ் வகுப்பில் புணர்ச்சியியல் நடத்தும் பருவத்திலேயே வாரம் இரண்டு மணி நேரம் கணினிக் கூடத்தை நமக்கு ஒதுக்கவேண்டும். புதுப் பாடநூலோ தனி ஆசிரியரோ வேண்டா. கணினித் துறை நண்பர் ஒருவர் உடனிருந்தால் போதும்.

அம்மாணவி மறுவாரமே தந்தையாரிடம் கேட்டு வந்தார். ஓர் அட்டை இடம் மாறிக் கோக்கப்பட்டால், அதைக் கண்டு திருத்தும் வரை ஒவ்வொரு பூவிலும் அதே இடம் பிசகும் என்றாராம் அவர். இப்பொழுது மகர ஈற்றுக்கு நிரல் எழுதிக்கொண்டிருக்கிறார் மாணவி. 'கண்டோம்' என்னும் சொல்லில் இன்னும் பிழை வருகிறது.