உள்ளுக்குத் தூக்கிப் போட்டால் சரியா?

மெல்பேர்ண் தமிழரின் வாட்ஸ்அப் குழுக்களில் அடிக்கடி சுற்றும் காணொளி அது. அதிகாலை மூன்று மணி, முகம் மூடிய இரண்டு பையன்கள் வாசல் கைப்பிடியைத் திருகிப் பார்க்கிறார்கள். குறி கார்ச் சாவி. கீழே பதில்கள் விழும்: "பிணையில விடுறதாலதான் இவ்வளவும். உள்ளுக்குத் தூக்கிப் போட வேணும்." பயம் நியாயமானது. தீர்ப்புத்தான் பிழை.

இதை விக்டோரியா ஏற்கெனவே செய்து பார்த்துவிட்டது. 2017 ஜனவரி 20 அன்று பேர்க் வீதியில் காரை ஏற்றி ஆறு பேரைக் கொன்றவன், பொலிசார் எதிர்த்தும் ஆறு நாட்களுக்கு முன் பிணை பெற்றவன். அன்றும் மணிக்கணக்காக அவன் பின்னால் திரிந்த பொலிசாரால் அவனை நிறுத்த முடியவில்லை. அரசு இறுக்கியதோ பிணைச் சட்டத்தை.

அதில் சிக்கியவர்களில் ஒருவர் வெரோனிகா நெல்சன், 37 வயதுப் பழங்குடிப் பெண். கடைத்திருட்டுச் சந்தேகத்தில் 2019 டிசம்பர் 30 கைதானார். பெருங்குற்றவாளிகளுக்கென்று வைத்த தடையை இவரும் தாண்ட வேண்டியிருந்தது. சட்டத்தரணி இல்லாமல் தானே வாதாடினார், பிணை இல்லை. சிறையறை இன்டர்கொம்மில் திரும்பத் திரும்ப உதவி கேட்டார். ஜனவரி 2 காலை இறந்து கிடந்தார். அந்தச் சட்டம் முழுப் பேரழிவு என்று 2023இல் மரண விசாரணை அதிகாரியே சொன்னார். 2024இல் தளர்த்தினார்கள். 2025 மார்ச்சில், ஜெசிந்தா அலன் அரசு மறுபடியும் இறுக்கியது. வாக்கு எண்ணும் அரசியலுக்கு ஞாபகசக்தி இவ்வளவுதான்.

"உள்ளே இருக்கும்வரை களவெடுக்க மாட்டான்தானே?" என்பார்கள். சரி, ஆனால் ஒருநாள் வெளியே வருவான். அவுஸ்திரேலியாவில் சிறையிலிருந்து விடுபடுவோரில் ஐந்தில் இருவருக்கு மேல் இரண்டு ஆண்டுக்குள் திரும்பிப் போகிறார்கள். பதினாறு வயதுப் பையன் சட்டப் புத்தகம் புரட்டிவிட்டு மதில் ஏறுவதில்லை. தண்டனை எத்தனை வருடம் என்பதைவிட, பிடிபடுவோம் என்ற நிச்சயமே ஆளைத் தடுக்கும் என்பது குற்றவியலாளர் பலர் நெடுநாளாகச் சொல்லி வருவது. அதற்குத் துப்புத் துலக்கும் பொலிஸ் வேண்டும், பள்ளியை விட்டு விலகியவனைத் தேடிப் போகும் ஆள் வேண்டும். இரண்டுக்கும் மேடையில் கைதட்டல் கிடைக்காது.

இலங்கையில் 1979இல் தற்காலிகம் என்று வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் 1982இல் நிரந்தரமானது. குற்றம் நிரூபிக்கப்படாமலே ஆண்டுக்கணக்காக உள்ளே கிடந்தவர்களின் சகோதரங்கள் இன்று கிளேட்டனிலும் வென்ட்வேர்த்வில்லிலும் வாழ்கிறார்கள். அந்தச் சனமே பிணையை மறுக்கச் சொல்லிக் குரல் எழுப்புவது வெட்கக்கேடு.