நிரற்கலையும் கூட்டுத் தொண்டும்

செஞ்சியிலிருந்தும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலிருந்தும் இளைஞர் பலர் திண்டிவனத்திற்கும் விழுப்புரத்திற்கும் திருவண்ணாமலைக்கும் சென்று கணிப்பொறிக் கலை பயில்கின்றனர். காலையிற் பேருந்தேறி மாலையில் இல்லம் மீளும் இவர்கள் மூன்றாண்டு முடிவிற் பட்டமும் பெறுகின்றனர். ஆயினும் இவர்களுள் ஒருவரை அழைத்து, "நீவிர் எழுதிய நிரல்களுள் பிறர் எடுத்துப் பயன்படுத்தியது யாது?" என்று வினவின், பெரும்பாலோர் மௌனமே சாதிப்பர். இஃது அவர்தம் குற்றமன்று. தேர்வுக்கென எழுதிய நிரல் தேர்வோடு மடிந்துபோகின்றது. அதிற் பிழையிருப்பின் மதிப்பெண் குறையுமேயன்றி எவருடைய வேலையும் கெடுவதில்லை. ஆதலின் பிழையைத் தேடிக் களையும் பழக்கமும் உண்டாவதற்கு இடமில்லை.

இக்குறையை நீக்க மற்றொரு வகுப்பு வேண்டுவதில்லை என்பது எம் கருத்து. கற்றுத் தேர்ந்தார் சிலரும் புதியராய் வந்தார் சிலரும் கூடி, ஊருக்குப் பயன்படும் சிறு மென்பொருள் ஒன்றைக் கூலி கருதாது ஆக்குதலே ஏற்ற வழியாம். புதியவர்க்குக் கற்பித்தலே அம்முயற்சியின் முதல் நோக்கமாயிருத்தல் வேண்டும். மென்பொருள் முற்றுப்பெறுதல் இரண்டாவதே. இவ்வரிசை மாறினால் என்ன விளையும் என்பதை யாம் பட்டறிந்தோம். அதனைப் பின்னர்க் கூறுவோம்.

இவ்வழி புதுவதன்று. 1991-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணாக்கராயிருந்த லைனஸ் டோர்வால்ட்ஸ் என்பார் தாம் பொழுதுபோக்காகத் தொடங்கிய லினக்ஸைப் பற்றி உலகிற்கு அறிவித்துப் பிறர் கருத்தை வேண்டினார். அதன் பின்னர் முன்பின் அறியாத பல நாட்டார் திருத்தம் அனுப்பினர். அனுப்பியவர் தாமே கற்றும் கொண்டனர். பலர் செய்த மாற்றங்களை யார், எப்போது செய்தனர் என்று காத்துவைக்கும் கிட் என்னும் கருவியையும் 2005-இல் அவரே ஆக்கினார். நம் தமிழ்நாட்டிலும் இத்தகைய தொண்டர்க்குக் குறைவில்லை. 2012 முதல் கணியம் என்னும் மின்னிதழ் கட்டற்ற மென்பொருட் செய்திகளைத் தமிழிலேயே தந்தது. எம் மாவட்டத்தின் தலைநகராகிய விழுப்புரத்திற்கூட குனு லினக்ஸ் பயனர் குழுவினர் நாட்டுப்புற மாணாக்கர்க்குப் பொருள் பெறாது பயிற்சி அளித்து வருகின்றனர். அங்ஙனமாயின் செஞ்சியில் மட்டும் ஏன் ஆகாது என்று எண்ணியே யாமும் ஒரு முயற்சியில் இறங்கினோம்.

செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்திற்கு நெல் கொணரும் உழவர் மூட்டைக் கணக்கிலேயே பேசுவர். மூட்டையோ 75 கிலோ. அரசினர் அறிவிக்கும் விலை குவிண்டால் கணக்கில் வரும். இவ்விரண்டையும் ஒப்பிட்டுக் காட்டி, ஊர்ப்பெயரோடு அட்டவணையாக அச்சிடும் ஒரு சிறு நிரலைப் பைதான் மொழியில் எழுதுவதென்று துணிந்தோம். பழகியவர் இருவர்; புதியவர் ஐவர். ஞாயிறுதோறும் நண்பகலிற் கூடினோம். மாலையில் வைத்திருந்தால் மாணவியர் கடைசிப் பேருந்தை எண்ணியே வாராதிருந்திருப்பர். (இத்தகைய முயற்சிகளில் முதலிற் கேட்கவேண்டிய கேள்வி எந்தக் கணினி என்பதன்று, எந்தப் பேருந்து என்பதே.)

அந்நிரலில், பத்து எழுத்துக்கு மேற்பட்ட ஊர்ப்பெயரைப் பத்தோடு நிறுத்துக என்று விதித்திருந்தோம். அட்டவணை வந்தபோது மேல்மலையனூர் என்னும் பெயர் "மேல்மலையனூ" என்று வால் அறுந்து நின்றது. அப்பெயரில் உள்ளவை ஏழே எழுத்துக்கள், அறுபடுவானேன்? ஒரு மாணவி இதனைப் பற்றிக்கொண்டாள். செஞ்சி என்பதை எண்ணுமாறு பொறியை ஏவினாள். மூன்று எழுத்துள்ள அச்சொல்லுக்குப் பொறி ஆறு என்றது. பொறி சகரத்தை ஒன்றாகவும் அதன் மேல் வரும் எகரக் குறியை வேறொன்றாகவும், ஞகரத்தை ஒன்றாகவும் புள்ளியை வேறொன்றாகவும் எண்ணுகின்றது என்பதை அவள் தானே கண்டறிந்தாள். உயிர்மெய் என்பது யாது என்று நான்காம் வகுப்பிற் கற்றதைப் பொறிக்கும் கற்பிக்க வேண்டியதாயிற்று. எழில் என்னும் தமிழ் நிரல்மொழியை ஆக்கிய முத்து அண்ணாமலையும் பிறரும் வளர்த்த ஓப்பன் தமிழ் என்னும் நிரற்றொகுதியில் எழுத்தை எழுத்தாகவே பிரிக்கும் கருவி உளது. அதனைத் தேடிப் படித்து, எம் நிரலில் ஏழு வரிகளை மாற்றி அனுப்பினாள். வகுப்பறையில் ஓராண்டு சொன்னாலும் விளங்காத ஒன்று, வாலறுந்த ஓர் ஊர்ப்பெயரால் ஒரு பிற்பகலில் விளங்கிற்று.

இனி எம் பிழையைக் கூறுவோம். அத்திருத்தம் வந்த வாரத்தில் பழகிய இருவரும் அட்டவணையை விரைந்து முடித்துவிட வேண்டும் என்னும் அவாவினால் இரவெல்லாம் தாமே எழுதிக்கொண்டிருந்தனர். புதியவர்க்கென ஒதுக்கியிருந்த சிறு வேலைகளையும் "அரை மணியில் முடியும்" என்று தாமே முடித்தனர். மாணவியின் திருத்தம் மூன்று வாரம் படிப்பாரின்றிக் கிடந்தது. நான்காம் ஞாயிறு அவள் வரவில்லை. அவளோடு மற்றிருவரும் நின்றனர். நிரல் முடிந்தது, கற்போர் கலைந்தனர். யாம் அட்டவணையைப் பார்த்து மகிழ்ந்திருந்தோமேயன்றி, நாற்காலிகள் வெறுமையாயிருந்ததை நோக்கினோமில்லை.

ஆதலின் இத்தகைய தொண்டில் இறங்குவார்க்கு ஒன்றைத் துணிந்து கூறுவோம். பழகியவர் வேலை எழுதுவதன்று, படிப்பது. புதியவர் அனுப்பிய திருத்தத்தை இரண்டு நாளுக்குள் படித்து, நன்றோ தீதோ காரணத்துடன் விடை எழுத இயலாதவர், எத்துணை வல்லுநராயினும் இப்பணிக்கு வேண்டியவரல்லர். அரை மணியில் தம்மால் முடியும் வேலையைப் புதியவர் ஒருவர் மூன்று நாள் செய்வதைக் கைகட்டிப் பார்த்திருத்தல் அரிது. அவ்வருமையே அவர் செய்யும் தொண்டு. விடையெழுதும்போது நிரலைக் குறைகூறலாம், எழுதினாரைக் கூறலாகாது.

தொண்டு என்னும் பெயரால் இளைஞர் உழைப்பை இலவசமாய்க் கொள்வதாகாதா என்று ஒரு சாரார் கேட்பர். கேள்வி நியாயமானதே. பயிற்சி என்று அழைத்துத் தம் வாணிக வேலையை வாங்கிக்கொண்டு வெறுங்கையோடு அனுப்புவாரும் உளர். ஆனால் யாம் கூறும் வகையில், ஆக்கிய நிரல் எவரும் எடுத்தாளத்தக்க கட்டற்ற உரிமத்தில் வெளிவருகின்றது. ஒவ்வொரு வரியையும் யார் எழுதினர் என்பது கிட் ஏட்டில் அழியாது நிற்கின்றது. வேலை தேடும் மாணாக்கர் அதனைத் தம் சான்றாகக் காட்டலாம். இவ்விரண்டும் இல்லாவிடத்து எம் மாணாக்கர் செல்லவேண்டுவதில்லை என்றே கூறுவோம்.

அம்மாணவியின் ஏழு வரிகளைப் பின்னர்ப் படித்தோம். ஒரு வரியில் மட்டும் சிறு மாற்றம் வேண்டியிருந்தது. அதனை யாமே மாற்றாது, காரணம் எழுதி, தாமதத்திற்கு வருத்தமும் தெரிவித்து அவளுக்கே அனுப்பினோம். விடை வரப் பத்து நாளாயிற்று. இப்போது அட்டவணையில் மேல்மலையனூர் முழுப்பெயரோடு நிற்கின்றது; அடுத்த ஞாயிறு புதிதாய் வரவிருக்கும் மூவர்க்கு அந்த ஏழு வரிகளை விளக்குதற்கு அவள் இசைந்திருக்கின்றாள்.